கிளவுட் சர்வரிடம் தமிழில் கேட்கலாம்: ஏஐ உதவியாளரை இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு லெபோ பாசாரில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் ஆர்டர் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் பிறந்தால் அவரிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "தம்பி, இந்த மாசம் சர்வர் பில்லு ஏன் இவ்வளவு?" கேள்வி ஒரே வரிதான். அதற்குப் பதில் சொல்ல நான் கன்சோலை (கிளவுடை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) திறந்து, ரீஜனை (சர்வர்கள் இருக்கும் பகுதி) மாற்றி, செலவுப் பக்கத்தைத் தேடி, சேவை வாரியாகப் பிரித்து, டாலரை மலேசிய வெள்ளியாக்கிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும்.

இப்போது அக்கா கேட்ட அதே வரியை ஏஐ உதவியாளரிடம் தமிழிலேயே கேட்கிறேன். அது கிளவுட் கணக்குக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்தச் சேவை எவ்வளவு கூடியது என்று ஒரு நிமிடத்தில் சொல்கிறது. இணைக்கும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அந்த மாலையின் பெரும்பகுதியை இணைப்பில் செலவிடாதீர்கள். உதவியாளருக்கு எதைத் தொட அனுமதி, எதைத் தொடக்கூடாது என்று கிளவுட் பக்கத்தில் எழுதி வைப்பதில் செலவிடுங்கள். இந்த வழிகாட்டியும் அதே விகிதத்தில்தான் இருக்கும்.

ஒன்றிரண்டு பேராகச் சர்வர் பராமரிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ். மைக்ரோசாஃப்டின் அசூர் வைத்திருப்பவர்களுக்கு முடிவுக்குச் சற்று முன் ஒரு குறிப்பு உண்டு.

நடுவில் யார் நிற்கிறார்கள்

உதவியாளரையும் கிளவுடையும் இணைக்கும் பாலத்தின் பெயர் எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் இதைத் திறந்த விதிமுறையாக வெளியிட்டது. இப்போது கிளாட், கர்சர், விஎஸ் கோட் என்று பல செயலிகள் இதைப் புரிந்துகொள்கின்றன.

நீங்கள் கேள்வி கேட்டால் அது உதவியாளரின் மூளையான ஏஐ மாடலிடம் போகிறது. மாடல் "இந்தக் கட்டளையை ஓட்டினால் பதில் கிடைக்கும்" என்று ஒரு கோரிக்கை எழுதுகிறது. அந்தக் கோரிக்கையை நிறைவேற்றுவது மாடல் இல்லை. உங்கள் கணினியில் ஓடும் எம்சிபி சர்வர் என்ற சிறிய நிரல்தான் உங்கள் கணினியில் உள்ள சாவியை (கிளவுட் கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடு) வைத்துக் கிளவுடில் கட்டளையை ஓட்டி, விடையை மாடலிடம் திருப்பிக் கொடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. உதவியாளரால் என்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சாவிதான். "எதையும் அழிக்காதே" என்று அரட்டையில் எழுதுவது வேண்டுகோள்தான், பூட்டு ஆகாது. இரண்டாவது, கிளவுடிலிருந்து வரும் விடை ஒவ்வொன்றும் மாடல் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண் அந்த விடையில் இருந்தால் அதுவும் போகும்.

நான் பட்டது

முதல் வாரத்தில் என்னுடைய அட்மின் (எல்லாம் செய்யும் உரிமை உள்ள) சாவியையே உதவியாளருக்குக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்ததால் 'எப்போதும் அனுமதி' என்ற பொத்தானையும் அழுத்திவிட்டேன். ஒரு நாள் இரவு, "அந்தப் பழைய டெஸ்ட் சர்வரை எடுத்துவிடு" என்று எழுதினேன். என் மனத்தில் இருந்தது 'ஓட்டத்தை நிறுத்து' என்பதுதான். உதவியாளர் அதை 'நீக்கு' என்று எடுத்துக்கொண்டது. சர்வர் டெர்மினேட் ஆனது, அதாவது நிரந்தரமாக நீங்கியது. டெர்மினேட் ஆகும்போது ரூட் டிஸ்க்கும் (சர்வரின் முதன்மை டிஸ்க்) சேர்ந்து அழிவது ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவையான ஈசி2வின் இயல்பான அமைப்பு. அந்த டிஸ்க்கில் அக்கா எடுத்துக் கொடுத்த பலகாரப் படங்கள் இருந்தன. ஸ்னாப்ஷாட் என்ற டிஸ்க் நகலும் இல்லை. மறுநாள் காலை நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து மறுபடி படம் எடுக்க அவருக்கு இரண்டு நாள் போனது.

கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டு நாளிலிருந்து வந்தது.

படி 1: மலேசியக் கணக்கில் முதலில் சரிபார்க்க வேண்டியவை

ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் ரீஜன் திறந்தது. குறியீடு ஏபி-சவுத்ஈஸ்ட்-5. அதற்கு முன் நம்மில் பலர் சிங்கப்பூரில்தான் இருந்தோம், அதன் குறியீடு ஏபி-சவுத்ஈஸ்ட்-1. ஒரு எண்தான் வித்தியாசம். உதவியாளர் தவறான ரீஜனில் பார்த்துவிட்டு "உங்கள் கணக்கில் சர்வர் எதுவும் இல்லை" என்று மிகுந்த நம்பிக்கையோடு சொல்லும். புதிதாக இணைப்பவர்கள் முதலில் சந்திக்கும் குழப்பம் பெரும்பாலும் இதுதான். மலேசிய ரீஜன் தானாகத் திறந்திருக்காது என்பதையும் கவனியுங்கள். கணக்கு அமைப்பில் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். இயக்காமல் கேட்டால் டோக்கன் செல்லாது என்ற வகையில் பிழை வரும். சாவியில்தான் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது நேரம். ஏடபிள்யூஎஸ் செலவுக் கணக்கு யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி நாள் பிரிக்கிறது. அது நம் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது, ஆகவே அங்கே புதிய நாள் பிறப்பது நம் காலை 8 மணிக்கு. தீபாவளிக்கு முந்தின இரவு 12 மணியிலிருந்து விடியும்வரை வந்து குவிந்த ஆர்டர்கள் ஏற்றிய செலவு அங்கே முந்தின நாள் கணக்கில் விழும். "நேற்று" என்று சும்மா கேட்காமல், "மலேசிய நேரப்படி இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை" என்று சொல்லிக் கேளுங்கள். லாக் (சர்வர் எழுதும் நிகழ்வுப் பதிவு), சிபியு அளவு போன்றவற்றை மணி வாரியாகப் பிரித்துத் தரும். செலவை நாள் வாரியாகக் கேட்டால் யூடிசி நாள்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் செலவு எண்ணும் உடனுக்குடன் வராது, ஒரு நாள் வரை பின்தங்கும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: டாலரை வெள்ளியாக மாற்றச் சொன்னால் உதவியாளர் தன் நினைவில் உள்ள ஏதோ ஒரு பழைய விகிதத்தை எடுத்துப் பெருக்கிவிடும். டாலரில் வாங்கி, அன்றைய விகிதத்தை நீங்களே போடுங்கள். சேவை வரி 8 விழுக்காட்டைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

படி 2: உதவியாளருக்கென்று தனி அடையாளம்

இதுதான் முக்கியமான படி. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஐஏஎம் (யாருக்கு என்ன அனுமதி என்று வரையறுக்கும் சேவை) பக்கத்தில் ஒரு புதிய ரோல், அதாவது தேவைப்படும்போது ஏற்றுக்கொள்ளும் அனுமதி அடையாளம், உருவாக்குங்கள். நம்பப்படும் தரப்பாக (இந்த ரோலை ஏற்கலாம் என்று அனுமதிக்கப்படுபவர்) உங்கள் கணக்கையே கொடுங்கள். பெயர் தமிழ் எழுத்தில் ஏற்காது, ஆகவே ஆங்கில எழுத்தில் 'உதவியாளர் பார்வை' என்று பொருள்படும் பெயர் ஒன்று வையுங்கள். ரோல் மூலம் கிடைக்கும் சாவி தற்காலிகமானது. வேறு மாதிரி அமைக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

அந்த ரோலுக்கு என்ன அனுமதி கொடுப்பது? தேடினால் இரண்டு ஆயத்த அனுமதிகள் கண்ணில் படும். ஒன்று ரீட்ஒன்லி அக்சஸ், மற்றது வியூஒன்லி அக்சஸ். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் ரீட்ஒன்லி என்பது படிப்பதற்கான மிக விரிவான உரிமை. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 பெட்டிக்குள் இருக்கும் கோப்பைத் திறந்து படிக்கலாம், டைனமோடிபி தரவுத்தளத்தின் வரிசைகளை எடுக்கலாம். மாற்ற முடியாது என்பதால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் பட்டியலை வெளியே கொண்டு போக அதை மாற்ற வேண்டியதில்லை, படித்தாலே போதும். வியூஒன்லி என்பது என்னென்ன இருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன, நிலை என்ன என்று பட்டியலைக் காட்டுவதற்கான உரிமை. அலமாரியைப் பார்க்கலாம், கோப்பைத் திறக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியூஒன்லியில் தொடங்குங்கள்.

அதோடு செலவு எக்ஸ்புளோரரைப் பார்க்கும் அனுமதியையும் கிளவுட்வாட்ச் (சர்வரின் நிலையைக் கண்காணிக்கும் சேவை) அளவீடுகளைப் படிக்கும் அனுமதியையும் தனியாகச் சேருங்கள். செலவு அனுமதி கொடுத்தும் மறுப்பு வந்தால், ரூட் பயனராக (கணக்கின் முதல் உரிமையாளராக) உள்ளே போய் ஐஏஎம் அடையாளங்கள் பில்லிங் விவரத்தைப் பார்க்கலாம் என்ற அமைப்பை ஒருமுறை இயக்க வேண்டும். இந்த ஒரு பொத்தான் தெரியாமல் எத்தனையோ பேர் அனுமதிக் கொள்கையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறார்கள்.

அப்புறம் ஒரு வெளிப்படையான மறுப்பு எழுதுங்கள். எஸ்3 கோப்பைப் படிப்பது, சீக்ரெட்ஸ் மேனேஜர் (ரகசியங்களைச் சேமிக்கும் சேவை) மதிப்பை எடுப்பது, எஸ்எஸ்எம் பாராமீட்டரை (சேமித்து வைத்த அமைப்பு மதிப்பு) படிப்பது, டைனமோடிபி வரிசைகளைப் படிப்பது, கேஎம்எஸ் டிகிரிப்ட் (பூட்டிய தரவைத் திறந்து படிப்பது) எல்லாவற்றுக்கும் 'டினை' (மறுப்பு). வியூஒன்லி இதையெல்லாம் தரவில்லையே, பிறகு ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆறு மாதம் கழித்து அவசரத்தில் நீங்களோ உங்கள் கூட்டாளியோ இந்த ரோலுக்கு இன்னொரு அனுமதியை ஒட்டுவீர்கள். அன்றைக்கும் இந்த மறுப்பு நிற்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் மறுப்புக்கும் அனுமதிக்கும் மோதல் வந்தால் மறுப்புதான் வெல்லும்.

இதில் சட்டமும் இருக்கிறது. நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 திருத்தப்பட்டு, தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அக்காவின் தளத்தில் ஆர்டர் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் இருக்கிறது. அந்தப் பட்டியலை உதவியாளர் பார்க்க வேண்டிய தேவை எந்தக் கேள்வியிலும் இல்லை.

படி 3: சாவியைக் கணினியில் வைக்கும் விதம்

ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ (கட்டளை எழுதிக் கிளவுடை இயக்கும் கருவி) இரண்டாம் பதிப்பை நிறுவுங்கள். ஐஏஎம்மில் இன்னொரு அடையாளம் உருவாக்குங்கள். அதற்குரிய ஒரே உரிமை, மேலே செய்த ரோலை ஏற்றுக்கொள்வது. வேறு எதுவும் அதால் முடியக்கூடாது. சிஎல்ஐயின் கன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் புதிய புரொஃபைல் (எந்த அடையாளம், எந்த ரீஜன் என்ற தொகுப்பு) ஒன்று எழுதுங்கள். அதில் ரோலின் முகவரி, அதை ஏற்கும் மூல அடையாளம், ரீஜன், ரோல் செஷன் பெயர் ஆகிய நான்கும் வர வேண்டும். செஷன் பெயரை விட்டுவிடாதீர்கள். பின்னால் யார் என்ன செய்தார்கள் என்று தேடும்போது அந்தப் பெயர்தான் உங்களையும் உதவியாளரையும் பிரித்துக் காட்டும்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை உண்டு. கர்சர் போன்ற நிரல் எழுதும் உதவியாளர்களுக்கு டெர்மினலே (கணினியில் கட்டளை எழுதும் ஜன்னல்) கையில் இருக்கிறது. எம்சிபி வழியில் மறுப்பு வந்தால், அது நேராக டெர்மினலில் சிஎல்ஐயை ஓட்டிப் பார்க்கக்கூடும். அப்போது உங்கள் கணினியில் டீஃபால்ட் புரொஃபைலாக அட்மின் சாவி உட்கார்ந்திருந்தால் நாம் போட்ட பூட்டெல்லாம் வீண். உதவியாளருக்கு அது திருட்டாகத் தெரியாது, வேலையை முடிக்க இன்னொரு வழியாகத்தான் தெரியும். ஆகவே அட்மின் சாவியை அந்தக் கணினியில் நிரந்தரமாக வைக்காதீர்கள். முடிந்தால் கணினியில் தனிப் பயனர் கணக்கு ஒன்று திறந்து உதவியாளரை அதில் மட்டும் ஓட்டுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எனக்கு அட்மின் வேலை வந்தால் உலாவியில் கன்சோலுக்குப் போய்விடுவேன்.

படி 4: எம்சிபி சர்வரை நிறுவுதல்

ஏடபிள்யூஎஸ் லேப்ஸ் வெளியிடும் ஏபிஐ எம்சிபி சர்வரைப் பயன்படுத்துகிறேன். இது சிஎல்ஐ கட்டளைகளை அப்படியே ஓட்டக்கூடியது, ஆகவே ஒன்றே பல சேவைகளுக்குப் போதும். யூவி என்ற பைத்தான் கருவியை நிறுவினால் அதோடு வரும் யூவிஎக்ஸ் இந்தச் சர்வரைத் தானே இறக்கி ஓட்டிவிடும்.

கிளாட் செயலியில் என்றால், அதன் அமைப்பில் டெவலப்பர் பகுதிக்குப் போனால் கன்ஃபிக் கோப்பைத் திருத்தும் பொத்தான் இருக்கும். அது ஜேசன் என்ற வடிவத்தில் உள்ள கோப்பு. எம்சிபி சர்வர்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரு பெயர், அதற்குள் எந்த நிரலை ஓட்டுவது, என்ன வாதங்கள், என்ன சூழல் மாறிகள் என்று மூன்று பகுதி. சூழல் மாறிகளில் புரொஃபைல் பெயரையும் ரீஜனையும் கொடுங்கள். அப்புறம் 'ரீட் ஆபரேஷன்ஸ் ஒன்லி' என்ற மாறியை 'ட்ரூ' ஆக்குங்கள். மாற்றம் செய்யும் கட்டளைகளைச் சர்வரே தடுத்துவிடும். ஐஏஎம் பூட்டு வெளிக்கதவு, இது உள்கதவு. உள்கதவை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் அது உங்கள் கணினியில் ஒரு கோப்பில் இருக்கும் ஒரு சொல்தான்.

எங்கேயாவது சிக்கினால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கன்ஃபிக்கை ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்து போயிருக்கும், ஜேசன் உடையும். மேக் கணினியில் உதவியாளருக்கு யூவிஎக்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகலாம், முழுப் பாதையையும் எழுதிக் கொடுங்கள். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, செயலியை முழுதாக நிறுத்தித் திறந்தால்தான் புதிய அமைப்பு ஏறும்.

எடுத்துக்காட்டுகளில் 'லேட்டஸ்ட்' என்று பதிப்பு போட்டிருப்பார்கள். முதல் நாள் சோதனைக்கு அது சரி. அப்புறம் குறிப்பிட்ட பதிப்பு எண்ணைப் போட்டுக் கட்டிவிடுங்கள். உங்கள் கிளவுட் சாவியைத் தொடும் நிரல், நீங்கள் அறியாமல் ஒரு காலையில் மாறியிருக்கக் கூடாது.

படி 5: முதல் கேள்வி

முதலில், "நீ இப்போது எந்த அடையாளத்தில் இருக்கிறாய்? ஓட்டிய கட்டளையையும் காட்டு" என்று கேளுங்கள். விடையில் நீங்கள் உருவாக்கிய ரோலின் பெயர் வர வேண்டும். உங்கள் சொந்தப் பயனர் பெயர் வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் படி 3க்குத் திரும்புங்கள்.

அடுத்து பூட்டைச் சோதியுங்கள். இதை உதவியாளரிடம் விடாமல், அதே புரொஃபைலில் நீங்களே டெர்மினலில் ஒரு சர்வரை நிறுத்தும் கட்டளையை 'டிரை ரன்' சேர்த்து ஓட்டுங்கள். டிரை ரன் என்றால் எதையும் செய்யாமல் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. அனுமதியில்லை என்ற பிழை வந்தால் வெளிக்கதவு பூட்டியிருக்கிறது.

இனி நிஜக் கேள்வி. அக்காவின் பில்லுக்கு நான் கேட்டது இப்படி: "கடந்த இரண்டு மாதச் செலவைச் சேவை வாரியாக ஒப்பிடு. மலேசியா, சிங்கப்பூர் இரண்டு ரீஜனையும் தனித்தனியாகக் காட்டு. டாலரில் சொல். ஒவ்வொரு எண்ணும் எந்தக் கட்டளையிலிருந்து வந்தது என்று சொல்." வந்த விடையில் சிங்கப்பூர் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது. தளத்தை மலேசியாவுக்கு மாற்றியபோது அங்கே நான்கு பொது ஐபி முகவரிகளும், எதோடும் ஒட்டாத டிஸ்க்குகளும் மிஞ்சியிருந்தன. பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறார்கள், பயன்படுத்தினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி. முப்பது நாளுக்கு ஒன்று 3.60 டாலர், நான்குக்கு 14.40. பெரிய கம்பெனிக்கு இது தூசு. பாக்கெட் முறுக்கு விற்று வரும் காசில் பில் கட்டுபவருக்கு அப்படியில்லை.

கட்டளையையும் காட்டச் சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாடல் பட்டியலைச் சரியாக எடுத்துவிட்டுக் கூட்டலில் தவறும். பக்கம் பக்கமாக வரும் விடையில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மொத்தம் இதுதான் என்று சொல்லிவிடும். கட்டளை கண்முன் இருந்தால் சந்தேகம் வரும்போது நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். இன்னொன்று, செலவு எக்ஸ்புளோரரை ஏபிஐ (நிரல்கள் நேரடியாகக் கேட்கும் வழி) வழியாகக் கேட்கும் ஒவ்வொரு முறைக்கும் 0.01 டாலர் கட்டணம். ஒரு கேள்விக்கு உதவியாளர் பத்து முறைகூடக் கேட்கலாம். கையால் கேட்கும்வரை பரவாயில்லை, தானாக மணிக்கு மணி ஓடும்படி வைக்காதீர்கள்.

படி 6: வினைச்சொற்களுக்கு ஓர் ஒப்பந்தம்

தமிழில் கிளவுடை நிர்வகிக்கும்போது ஆங்கில வழிகாட்டிகளில் இல்லாத சிக்கல் ஒன்று வருகிறது. நம் அன்றாட வினைச்சொற்கள் பல வேலைகளைச் சுமக்கின்றன. 'எடு' என்றால் கொண்டுவா என்றும் ஆகும், 'எடுத்துவிடு' என்றால் அகற்று. 'போடு' என்றால் இயக்கு, நிறுவு, உருவாக்கு எல்லாம். 'மூடு' என்றால் போர்ட்டை (சர்வருக்குள் வரும் இணைப்பு வாசல்) அடைப்பதா, சர்வரை அணைப்பதா? மலாய் கலந்து 'தூத்தோப்' என்று சொன்னாலும் இதே குழப்பம்தான், அங்கேயும் கதவை மூடுவதும் விளக்கை அணைப்பதும் ஒரே சொல். மனிதர்களிடம் பேசும்போது சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். மாடலும் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. பெரும்பாலும் என்பதுதான் எனக்கு ஒரு சர்வரைப் பறித்தது.

உதவியாளரில் நிரந்தரக் குறிப்பு எழுதும் இடம் இருக்கும். அதில் நான் எழுதியிருப்பதன் சாரம் இது. நிறுத்து என்றால் ஸ்டாப் மட்டும், டிஸ்க் அப்படியே இருக்க வேண்டும். டெர்மினேட் என்ற சொல்லை நான் எழுத்து எழுத்தாகச் சொல்லாதவரை அதை முன்மொழியாதே. எடு, போடு, மூடு, திற வந்தால் என்ன பொருள் என்று திருப்பிக் கேள். 'பழைய' என்றால் எத்தனை நாள் என்று கேள். 'போர்ட்டைத் திற' என்றால் உலகத்துக்கே திறக்காதே, எந்த முகவரிக்கு என்று கேள். 'பெரிதாக்கு' என்றால் சர்வரின் வகையா, டிஸ்க்கா என்று கேள்.

டிஸ்க் பற்றிய கடைசி வரிக்குக் காரணம் உண்டு. ஈசி2 சர்வரின் ஈபிஎஸ் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், மறுபடி சிறிதாக்க முடியாது. ஒரு சொல்லின் குழப்பம் ஒவ்வொரு மாத பில்லிலும் தொடர்ந்து வரும்.

இந்தக் குறிப்பு பூட்டு ஆகாது என்பதை மறுபடி சொல்கிறேன். இது வேலையைத் தெளிவாக்கும். பாதுகாப்பது படி 2தான்.

படி 7: கை கொடுப்பது, ஒரு விரல் அளவு

குறைந்தது ஒரு மாதம் பார்வை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் எழுத்து அனுமதி தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டால் பார்வை ரோலை விரிக்காதீர்கள். இரண்டாவது ரோல் ஒன்று செய்யுங்கள்.

என்னுடைய இரண்டாவது ரோலுக்கு டெஸ்ட் என்று டேக் (அடையாளச் சீட்டு) ஒட்டிய ஈசி2 சர்வரைத் தொடங்கவும் நிறுத்தவும் மட்டும்தான் உரிமை. டேக்கை அனுமதியின் நிபந்தனையாக எழுதலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டேக் ஒட்டும் உரிமையும் அதே ரோலுக்கு இருந்தால், நேரடி சர்வரில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வர்) டெஸ்ட் டேக்கை ஒட்டிவிட்டு அதை நிறுத்த முடியும். ஆகவே டேக் உருவாக்குவதற்கும் நீக்குவதற்கும் வெளிப்படையான மறுப்பு எழுதுங்கள். நேரடி சர்வர்களில் டெர்மினேஷன் பாதுகாப்பையும் இயக்கிவிடுங்கள். இந்த ரோலுக்கான எம்சிபி பதிவில் ரீட் ஆபரேஷன்ஸ் ஒன்லியை எடுத்துவிட்டு, மாற்றம் செய்யும்போது ஒப்புதல் கேட்கும் மாறியை இயக்குங்கள். வேலை இல்லாத நாளில் அந்தப் பதிவை அணைத்தே வையுங்கள்.

நிறுத்துவதிலும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஈசி2 நின்றாலும் டிஸ்க் கட்டணம் ஓடும். எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) இல்லாத சர்வரை நிறுத்தித் தொடங்கினால் பொது முகவரி மாறிவிடும். ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நிறுத்தினால் ஏழு நாளில் தானாகவே மறுபடி ஓட ஆரம்பிக்கும். "நிறுத்திவிட்டேன்" என்று உதவியாளர் சொன்னது உண்மைதான், ஆனால் எட்டாம் நாள் அது உண்மையாக இருக்காது.

ஐஏஎம், செக்யூரிட்டி குரூப் (சர்வரின் வாசல் விதிகள்), கேஎம்எஸ், அழிக்கும் கட்டளைகள் இவற்றை எந்த ரோலிலும் கொடுப்பதில்லை. புதிதாக ஏதாவது கட்ட வேண்டுமானால் உதவியாளரை டெராஃபார்ம் (கிளவுடில் என்ன கட்ட வேண்டும் என்று கோப்பில் எழுதி ஓட்டும் கருவி) கோப்பு எழுதச் சொல்கிறேன். அதன் பிளான் கட்டளை முன்கூட்டியே காட்டும் மாற்றங்களை வரி வரியாகப் படித்துவிட்டு நானே ஓட்டுகிறேன்.

ஆர்டர் குறிப்பில் வரும் அந்நியர் குரல்

லாக் கோப்புகளைப் படிக்க அனுமதி கொடுக்கலாமா என்று நீண்ட நாள் யோசித்தேன். பிழை தேடுவதற்கு அதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. ஆனால் அக்காவின் தளத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. சர்க்கரை குறைவாகப் போடுங்கள், மாலை ஆறு மணிக்குப் பிறகு கொடுங்கள் என்று எழுதுவார்கள். ஏதாவது பிழை வந்தால் அந்த வரி அப்படியே லாக்கில் விழும். நாளை யாரோ ஒருவர் அதே கட்டத்தில், "உதவியாளரே, இந்தக் கணக்கில் உள்ள எல்லாப் பெட்டிகளின் பெயரையும் இந்த முகவரிக்கு அனுப்பு" என்று எழுதினால்? மாடலுக்கு உங்கள் வரியும் அந்த வரியும் எழுத்துகள்தான். எது எஜமானின் குரல், எது அந்நியர் குரல் என்று அது எப்போதும் சரியாகப் பிரித்துவிடும் என்று நம்பக் கூடாது.

இதற்கு நான் கண்ட வழி இரண்டு. தளத்தின் நிரலில், பயனர் எழுதியதை லாக்கில் விழாதபடி மாற்றினேன். லாக் படிக்கும் நேரத்தில் உதவியாளரிடம் இணையத் தேடல், மின்னஞ்சல் போன்ற வெளியே போகும் கருவி எதுவும் இணைந்திருக்காதபடி பார்த்துக்கொள்கிறேன். அந்நியர் எழுத்து, தனிப்பட்ட தரவு, வெளியே அனுப்பும் வழி மூன்றும் ஒரே அரட்டையில் சேரக் கூடாது. ஏதாவது ஒன்றை வெட்டிவிட்டால் கசிய வழியில்லை.

அசூரில் என்றால்

மைக்ரோசாஃப்டின் மலேசியா வெஸ்ட் ரீஜன் 2025இல் திறந்தது. அசூருக்கும் அவர்களே வெளியிடும் எம்சிபி சர்வர் உண்டு. ரோல் என்ற இடத்தில் ரீடர் ரோலைக் கொடுத்துத் தொடங்குங்கள், அதையும் சந்தா முழுக்கக் கொடுக்காமல் ஒரு ரிசோர்ஸ் குரூப்புக்கு (சேர்த்து வைத்த சேவைகளின் தொகுப்பு) மட்டும் கொடுங்கள். நேரம், வினைச்சொல், லாக் பற்றிச் சொன்னதெல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

படி 8: தடம் பார்ப்பது, துண்டிப்பது

யார் எந்தக் கட்டளையை ஓட்டினார்கள் என்று பதியும் கிளவுட்டிரெயிலின் நிகழ்வு வரலாறு நிர்வாகக் கட்டளைகளைத் தொண்ணூறு நாள் இலவசமாக வைத்திருக்கும். வாரம் ஒருமுறை, படி 3இல் கொடுத்த செஷன் பெயரோடு வந்த மறுப்புகளை மட்டும் பாருங்கள். உதவியாளர் எதைச் செய்ய முயன்று முடியாமல் திரும்பியது என்பது அங்கே தெரியும். ஒரே மறுப்பு திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் கேள்வி அதைத் தவறான பக்கம் தள்ளுகிறது, அல்லது ஏதோ ஒரு லாக் வரி தள்ளுகிறது. இந்தப் பரிசோதனையை உதவியாளரிடம் ஒப்படைக்காதீர்கள். கன்சோலில் போய் உங்கள் கண்ணால் பாருங்கள்.

துண்டிக்கும் வழியையும் முன்கூட்டியே ஒருமுறை செய்து பழகுங்கள். கன்ஃபிக் கோப்பில் அழித்தால் போதாது, ஏற்கெனவே வாங்கிய தற்காலிகச் சாவி காலாவதியாகும்வரை செல்லும். ஐஏஎம்மில் அந்த ரோலுக்குள் போனால் நடப்பில் உள்ள செஷன்களை ரத்து செய்யும் பகுதி இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த நொடிக்கு முன் வாங்கிய சாவிகள் எல்லாம் செல்லாமல் போகும். ஆனால் மூல அடையாளம் உயிரோடு இருந்தால் புதிய சாவி வாங்கிக்கொள்ளும், ஆகவே அதன் சாவியையும் முடக்குங்கள். பழகிப் பார்த்தபோது எனக்கு இரண்டுக்கும் சேர்த்து நான்கு நிமிடம் ஆனது. அந்த இரண்டு பக்கத்தின் முகவரியையும் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறேன். தீபாவளி வாரத்தில் நான் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாலும் அக்காவின் மகள் செய்ய முடிகிற மாதிரி, இந்தப் பொத்தான்களை மட்டும் அழுத்தும் உரிமையோடு அவளுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, படம் பிடித்து ஒவ்வொரு பொத்தானையும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.